பனியன் கம்பெனியில் சர்வீஸ் பணம்: வேலையை விடும் முன்பிருந்து பணம் கைக்கு வரும்வரை

வேலையை விடும்போது சர்வீஸ் ஆண்டுகளுக்கு ஏற்பக் கம்பெனி தர வேண்டிய தொகைதான் பணிக்கொடை. திருப்பூரில் இதைப் பணிக்கொடை என்று யாரும் சொல்வதில்லை. டைலர், செக்கிங், அயர்னிங் என்று எந்தப் பிரிவில் கேட்டாலும் 'சர்வீஸ் பணம்' என்றுதான் பெயர். கம்பெனி அலுவலகத்தில் கிராஜுவிட்டி என்பார்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பல பேருக்கு மனு எழுதிக் கொடுத்த பிறகு எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. சட்டம் தெரியாததால் பணத்தை இழந்தவர்கள் குறைவு. செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்து இழந்தவர்களே அதிகம். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுச் சான்று தேடுவார்கள்; கையெழுத்துப் போட்டுவிட்டுக் கணக்குக் கேட்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியைப் படிக்கும்போது வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

1. உங்களுக்கு உரிமை உண்டா என்று பாருங்கள்

தொழிற்சாலை என்றால் சட்டம் பொருந்தும். மற்ற நிறுவனங்களில், கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளாவது 10 பேர் வேலை செய்திருக்க வேண்டும். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம் பிறகு ஆட்களைக் குறைத்தாலும் வெளியே போக முடியாது. சிறிய பவர்டேபிள் யூனிட்டில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்பது முதலாளிக்குப் போதுமான பதில் அல்ல.

அடுத்தது, தொடர்ச்சியாக ஐந்தாண்டு வேலை. தொழிலாளி இறந்துவிட்டாலோ, விபத்தாலோ நோயாலோ இனி வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தாலோ இந்த ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அந்த ஆண்டு நிறைந்ததாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் வெளியே வந்தவர் 'இரண்டு மாதத்தில் போய்விட்டதே' என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

'தொடர்ச்சி' என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் இருபது நாள் கழித்து வந்தேன், சர்வீஸ் அறுந்துவிட்டது என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். உடல்நலமின்மை, விபத்து, விடுப்பு, வேலைநிறுத்தம், தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோன நாட்கள் ஆகிய எதுவும் தொடர்ச்சியை அறுக்காது. சொல்லாமல் விடுப்பு எடுத்திருந்தாலும், அதைப் பணிமுறிவு என்று விதிப்படி உத்தரவு போட்டிருந்தால்தான் முறிவு. அப்படிப்பட்ட உத்தரவை நான் பார்த்த கம்பெனிகளில் அநேகமாக யாரும் போடுவதில்லை, வாய்வார்த்தையாகத்தான் சொல்வார்கள். அதையும் மீறித் தொடர்ச்சி கேள்விக்குள்ளானால்தான் ஆண்டுக்கு 240 நாள் என்ற கணக்கு வரும். அந்த 240இல் மகப்பேறு விடுப்பும், முழுச் சம்பளத்துடன் எடுத்த விடுப்பும், வேலையில் நேர்ந்த விபத்தால் வராத நாட்களும் சேரும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: 'நானாகத்தானே வேலையை விட்டேன், எனக்குக் கிடைக்குமா?' கிடைக்கும். ராஜினாமா செய்தாலும் உரிமை உண்டு. வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கும் பெரும்பாலும் உண்டு. கம்பெனிக்கு நட்டம் உண்டாக்கினார் என்று நீக்கினால் அந்த நட்டத்தின் அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம். வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் ஆகிய காரணங்களுக்காக நீக்கினால்தான் முழுவதையும் மறுக்க இடமுண்டு.

2. எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவருக்கு 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். அதற்குப் பின் விட்டவருக்குப் புதிய தொகுப்பு. ஐந்தாண்டு சர்வீஸ், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற கெடு ஆகிய அடிப்படைகள் இரண்டிலும் ஒன்றே.

மாறியவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டு. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டு போதும். அடுத்து, படிகளெல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகக் கணக்கில் வரும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டிப் படியைப் பெரிதாக எழுதும் பழக்கத்துக்கு வைக்கப்பட்ட கடிவாளம் இது. கீழே நான் சொல்லும் படிவப் பெயர்கள் பழைய விதிகளில் உள்ளவை. மனு கொடுக்கும் முன், இப்போது எந்தப் படிவம் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வேலையில் இருக்கும்போதே சான்றுகளைச் சேருங்கள்

இதுதான் உயிர்நாடி. வழக்கில் கம்பெனி சொல்லும் முதல் வாசகம் 'இவருக்குப் பணிக்கொடை தரமாட்டோம்' என்பதாக இருக்காது. 'இவர் எங்களிடம் சேர்ந்ததே மூன்று ஆண்டுக்கு முன்புதான்' என்பதாக இருக்கும். சேர்ந்த தேதியை நிரூபித்தால் முக்கால் வழக்கு முடிந்தது. கம்பெனிக்குள் இருக்கும்வரை காகிதம் கிடைக்கும். வெளியே வந்த மறுநாள் வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டார்.

முதலில் பி.எஃப். பாஸ்புக்கைத் தரவிறக்கி அச்செடுங்கள். அதில் மாதவாரியாகக் கட்டிய தொகையும் நிறுவனத்தின் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் எண் மாறியிருந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே வேறு கம்பெனிப் பெயருக்கோ ஒப்பந்தக்காரர் பெயருக்கோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதே கட்டடம், அதே மிஷின், அதே சூப்பர்வைசர். காகிதத்தில் மட்டும் புதுக் கம்பெனி. இது நடந்திருந்தால் பதற வேண்டாம். மாறிய தேதிகளைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். பிறகு மனுவில் அத்தனை பெயர்களையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து இ.எஸ்.ஐ. அட்டையும் சந்தா விவரமும். பி.எஃப். பிடிக்காத கம்பெனிகூட இ.எஸ்.ஐ. கட்டியிருக்கும். ஏனென்றால் பி.எஃப்.க்கு 20 பேர் வேண்டும், இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும்.

செக்கிங்கில் இருந்த ஓர் அக்காவின் வழக்கை இங்கே சொல்ல வேண்டும். அவர் 2019இல் சேர்ந்ததாகக் கம்பெனி ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்தது. பி.எஃப். கணக்கும் 2019இல்தான் தொடங்கியிருந்தது. 'வேறு ஏதாவது காகிதம் இருக்கிறதா?' என்று மூன்று முறை கேட்டோம். இல்லை என்றே சொன்னார். நான்காம் முறை ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கொடுத்த விடுப்புச் சான்று. மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. ஆனாலும் கம்பெனியின் பெயரும் 2014ஆம் ஆண்டின் தேதியும் படிக்கிற அளவுக்கு இருந்தன. அந்தச் சீட்டு ஐந்தாண்டு சர்வீஸைத் திருப்பிக் கொண்டுவந்தது. அவரைப் பொறுத்தவரை அது பழைய மருந்துச் சீட்டு. அதனால்தான் காகிதம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே வீட்டில் தேடும்போது 'சான்று' என்று தேடாதீர்கள். கம்பெனியின் பெயர் உள்ள எந்தக் காகிதமும் சான்றுதான். அடையாள அட்டை, சனிக்கிழமைச் சம்பளக் கவர், போனஸ் சீட்டு, பீஸ் ரேட் (துண்டுக் கணக்குக் கூலி) எழுதிய நோட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பட்டியல், கேட் பாஸ் எல்லாம் வேண்டும். ஆயுத பூஜையன்று கம்பெனியில் எடுத்த படம்கூட, தேதி தெரிந்தால், துணைச் சான்றாகும். கைபேசியில் படம் எடுத்து உங்களுக்கு நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். கைபேசி தொலைந்து வழக்கும் தொலைந்த கதை என்னிடம் இரண்டு இருக்கிறது.

கூட வேலை செய்தவர்களில் இப்போது வெளியே இருப்பவர் இருவரின் முகவரியை வாங்கி வையுங்கள். உள்ளே இருப்பவர் சாட்சிக்கு வர மாட்டார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கும் சனிக்கிழமை சம்பளம் வர வேண்டும்.

4. கணக்கை நீங்களே போடுங்கள்

மாதச் சம்பளக்காரருக்கு: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்குங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் ஓர் ஆண்டாகும். அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். ஏழு ஆண்டு எட்டு மாதம் என்றால் எட்டு. ஏழு ஆண்டு ஐந்து மாதம் என்றால் ஏழு.

அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000 ரூபாய், சர்வீஸ் எட்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500. பதினைந்து நாளுக்கு 7,500. எட்டு ஆண்டுக்கு 60,000. இதையே 30ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் 52,000 வரும். மாதத்துக்கு முப்பது நாள்தானே என்று கணக்காளர் சொல்லும்போது நியாயமாகத்தான் தோன்றும். எட்டாயிரம் ரூபாய் அந்த ஒரு வகுத்தலில் போய்விடுகிறது. 26 என்பது சட்டத்திலேயே இருக்கும் எண்.

பீஸ் ரேட்காரருக்கு: வேலையை விடுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வாங்கிய மொத்தக் கூலியில் ஓவர்டைம் பணத்தைக் கழித்து, நாள் சராசரி எடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் 78 நாள் வேலை, 46,800 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 600. ஆண்டுக்கு 9,000. எட்டு ஆண்டுக்கு 72,000.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது வழக்கமாகிவிட்டதால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த அரை ஷிப்ட் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வருகிறார்கள், அது ஓவர்டைம் என்பதால் நிற்காது. மறுபுறம், கடைசி மூன்று மாதம் ஆர்டர் இல்லாத காலமாக இருந்தால் மொத்தக் கூலி குறைந்திருக்கும். அதற்காக ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், வேலை நடந்த நாட்களால் வகுத்துக் காட்டுங்கள். எந்த மாதத்தில் வேலையை விடுவது என்பது உங்கள் கையில் இருந்தால், நல்ல கூலி ஓடிய மூன்று மாதத்துக்குப் பிறகு விடுங்கள்.

உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். பனியன் தொழிலில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

5. வெளியே வரும் நாளில் கையெழுத்தைக் காப்பாற்றுங்கள்

ராஜினாமாக் கடிதத்தில் சேர்ந்த தேதியையும் விடும் தேதியையும் எழுதுங்கள். 'இத்தனை ஆண்டு வேலை செய்து' என்று பொதுவாக எழுத வேண்டாம். கம்பெனி அதைப் பெற்றுக்கொண்டு முத்திரை வைத்தால், சர்வீஸ் காலத்தை ஒப்புக்கொண்டதற்கு நெருக்கமான ஒரு காகிதம் உங்கள் கையில் இருக்கும்.

அன்றே கணக்கை முடிக்க அழைப்பார்கள். மேசைமேல் இரண்டு மூன்று தாள் இருக்கும். ஒன்றில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், எழுத்து எதுவும் இருக்காது. 'கையெழுத்துப் போடுங்கள், பிறகு நிரப்பிக்கொள்கிறோம்' என்பார்கள். நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதியிருந்தால் முழுவதையும் படியுங்கள். 'என் எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி இருந்தால், கையெழுத்துக்கு மேலேயே 'வாரக்கூலி இவ்வளவு மட்டும் பெற்றேன், பணிக்கொடை பெறவில்லை' என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதவிடவில்லை என்றால் அன்று வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு: உரிமை அழிந்துவிடவில்லை. பணிக்கொடையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைவிடச் சட்டம் மேலானது. ஆனால் பணத்தை வாங்கியதாகவே அந்தத் தாளில் இருந்தால், வாங்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய நிலை வரும். வங்கிக் கணக்குப் பட்டியல் அப்போது உதவும்.

6. கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள்

'ஐ' (ஆங்கில I) படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுப்பது முறை. தாமதமானாலும் அந்த ஒரே காரணத்தால் உரிமை போகாது. தொழிலாளி இறந்திருந்தால் நியமனதாரருக்கும் வாரிசுக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு.

நேரில் கொடுத்தால் வாங்கி மேசைக்குள் போட்டுவிடுவார்கள். அதனால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. வழங்கியதற்கான சான்று வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். உறைக்குள் என்ன வைத்தீர்கள் என்பதற்கு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். வெறும் தபால் ரசீதை மட்டும் கொண்டுவந்து, கடிதத்தின் நகல் இல்லாமல் நிற்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

விண்ணப்பிக்காவிட்டாலும் கணக்குப் பார்த்து 30 நாளுக்குள் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாளுக்கும் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி ஓடும். 72,000க்கு ஓராண்டு வட்டி 7,200. இதைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். சில கம்பெனிகள் அந்த வரியைப் பார்த்த பிறகு பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கின்றன.

7. கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு

கம்பெனி மறுத்தாலும், குறைத்துக் கொடுத்தாலும், பதிலே சொல்லாவிட்டாலும், தொழிலாளர் துறையில் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' (ஆங்கில N) படிவத்தில் மனு கொடுக்க வேண்டும். கெடு 90 நாள். தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஒரு தனி மனுவும் சேர்த்துக் கொடுங்கள். 'கம்பெனி இன்று தருகிறேன் நாளை தருகிறேன் என்று இழுத்தது' என்பதும் காரணம்தான், ஆனால் அதற்கும் ஏதாவது அடையாளம் இருந்தால் நல்லது. வேறு மாநிலங்களிலும் கிளை உள்ள நிறுவனம் என்றால் மனு மத்திய அரசின் அதிகாரியிடம் போகக்கூடும். முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இங்கே அதிகாரம் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

எதிர்மனுதாரர் பகுதிதான் இந்தப் படிவத்தின் கண். பி.எஃப். பாஸ்புக்கில் வந்த ஒவ்வொரு நிறுவனப் பெயரையும், ஒப்பந்தக்காரரையும், முதன்மைக் கம்பெனியையும் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் காட்டிக் கைகழுவுவார். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

கோரிக்கையில் அசல் தொகையோடு வட்டியையும் கேளுங்கள். கேட்காத வட்டியை உத்தரவில் எதிர்பார்க்க முடியாது.

8. விசாரணை

வக்கீல் கட்டாயம் இல்லை. அதிகாரக் கடிதம் கொடுத்துச் சங்கப் பொறுப்பாளரை அனுப்பலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், ரயில் ஏறும் முன் இந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

முதல் வாய்தாவிலேயே வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கம்பெனி தாக்கல் செய்ய வேண்டும் என்று மனு கொடுங்கள். இதைச் செய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. பதிவேடு கொண்டுவந்தால் உங்கள் பெயர் அதில் கிடைக்கலாம். கையில் இருக்கும் பதிவேட்டைக் கொண்டுவரவில்லை என்றால், அது தங்களுக்குப் பாதகமானதால்தான் மறைக்கிறார்கள் என்று அதிகாரி முடிவுக்கு வர இடமுண்டு. கேட்காமல் விட்டால் இரண்டும் இல்லை. பதிவேடு வந்தால் அவசரப்படாமல் புரட்டுங்கள். ஏழு ஆண்டு வருகையும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், தாள் கசங்காமல் இருந்த ஒரு பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சுட்டிக்காட்டியபோது கம்பெனி எழுத்தர் தலை நிமிரவே இல்லை.

வாய்தாவைத் தவறவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகும். தகுந்த காரணம் சொல்லி 30 நாளுக்குள் மீண்டும் எடுக்கக் கேட்கலாம், ஆனால் அந்த நிலைக்குப் போக வேண்டாம். புது வேலையில் லீவு கிடைக்கவில்லை என்பதால் தள்ளுபடியான மனுக்கள்தான் அதிகம்.

நடுவில் சமரசம் பேசுவார்கள். அசலை முழுவதும் கொடுத்து வட்டியை மட்டும் விடச் சொன்னால், வழக்கு இன்னும் எவ்வளவு ஓடும் என்று பார்த்து ஒப்புக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. பாதி அசலுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தச் சமரசமும் அதிகாரி முன்னால் பதிவாக வேண்டும், பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். டீக்கடையில் வாங்கிய பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

9. உத்தரவு வந்த பிறகு

கம்பெனிக்கு மேல்முறையீட்டுக்கு 60 நாள். காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். உங்களுக்கும் அதே கெடுதான். ஆனால் உத்தரவான தொகையை முழுவதும் கட்டினால்தான் கம்பெனியின் மேல்முறையீடு எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே மேல்முறையீடு என்றதும் மனம் தளர வேண்டாம். பணம் கம்பெனியைவிட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் 'டி' (ஆங்கில T) படிவத்தில் வசூல் மனு கொடுங்கள். அதிகாரி மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்புவார். நில வரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். காகிதத்தில் வேகமாகத் தெரியும் இந்த இடத்தில்தான் கோப்புகள் தூங்குகின்றன. சான்றிதழ் அனுப்பிய எண்ணையும் தேதியையும் தொழிலாளர் துறையில் எழுதி வாங்கிக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் தேட மாட்டார்கள். கம்பெனியின் கட்டடம், மிஷின், வங்கிக் கணக்கு பற்றி உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். எதை ஜப்தி செய்வது என்று தெரியாமல்தான் பல கோப்புகள் திரும்பி வருகின்றன.